உத்திராட்சக் கன்றுக்கு நல்ல தண்ணி

புளித்த பாலும் ஈரச் சாக்கும் கலந்த ஒரு வாடை, தொண்ணூறுகளின் தொடக்கத்தில், திருவண்ணாமலையில் எங்கள் வீட்டுப் புழக்கடையில் ஒரு கோடையில் நின்றிருந்தது. கோயில் வாசலில் உத்திராட்ச மாலை விற்ற அப்பா, மேற்குத் தொடர்ச்சி மலைக்காரர் ஒருவர் கொடுத்த கன்றை அங்கே நட்டிருந்தார். ஓயாத மழையும் வெயில் தரையில் படாத நிழலும் பஞ்சாக நனைந்த மண்ணும் வேண்டுகிற காட்டு மரம் அது. எங்கள் மண்ணோ வெறுங்காலைப் பொசுக்கும். எனக்குப் பின் இரண்டு கரு தங்காமல் போய், அம்மாவுக்கு அப்போது ஐந்தாம் மாதம். "இது புடிச்சிக்கினா அதுவும் புடிச்சிக்கும்" என்றார் அப்பா. அம்மா அதை உடம்போடு நம்பினாள்.

கிணறு உப்பு, "நல்ல தண்ணி" தெருமுனைக் குழாயில்தான். கன்றுக்கு மேல் சாக்குப் பந்தல் கட்டி, அதைக் காயவிடாமல் நனைக்க, அம்மா குடத்தோடு நடந்துகொண்டே இருந்தாள். "இன்னாக்கா, மசக்கை உனக்கா, மரத்துக்கா?" என்பாள் பக்கத்து வீட்டு கனகா அக்கா. "ரெண்டு பேருக்கும்தான்டி, வழிய விடு."

ஒரு காலை, அடியிலைகள் இரண்டு ரத்தமாய்ச் சிவந்திருந்தன. முதிர்ந்த இலை உதிருமுன் சிவப்பது அந்த மரத்தின் இயல்பு என்று எங்களில் யாருக்கும் தெரியாது. "சாமி குத்தம்" என்ற அப்பா, கோயிலிலிருந்து அபிஷேகப் பாலைச் செம்பு செம்பாகக் கொண்டுவந்து வேரில் ஊற்றினார். அம்மா இரண்டு குடம் சுமந்த இடத்தில் பத்துக் குடம் சுமந்தாள். "ஜாஸ்தி தூக்காதக்கா" என்று கனகா அக்காவே சிரிக்காமல் சொன்னாள். நான்காம் நாள் குழாயடிப் பாசி வழுக்கியது. குடம் உருண்ட சத்தத்துக்கு ஓடினேன். தன் முந்தானையால் அம்மாவின் கால்களை மூடியபடி, "நீ வூட்டுக்குப் போ பாப்பா" என்று கத்தினாள் கனகா அக்கா.

ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா வெறும் வயிற்றோடு திரும்பியபோது, பால் குடித்த கன்று வேரழுகிச் சாய்ந்திருந்தது. அப்பா பிடுங்கி எறிந்தார். அதன்பின் அவர் அம்மாவின் முகம் பார்த்துப் பேசியதாக எனக்கு ஞாபகமில்லை.

அந்த வீடு இருந்த இடத்தில் இன்று லாட்ஜ், புழக்கடையில் கார்கள் நிற்கின்றன, அப்பாவும் இல்லை. போன மாதம்தான் மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டில் முதன்முதலாக அந்த மரத்தைப் பார்த்தேன், பலகை பலகையாய் வேர் விரித்து, உச்சி மேகத்துக்குள் மறைய நின்றதை. ஊரை ஒட்டிய வேங்கிக்காலில், நாங்கள் இப்போதிருக்கும் வீட்டில், அம்மாவிடம் எல்லாம் சொன்னேன், அதன் அடியில் உதிர்ந்து கிடந்த சிவந்த இலைகளைத் தவிர. கண்மூடிக் கேட்டவள் கேட்டாள்:

"அவ்ளோ ஒசரத்துக்கு யாருடி தண்ணி ஊத்துனாங்க?"

"யாரும் ஊத்தலம்மா" என்றேன்.