பாதியில் நின்ற ஆல்பங்கள்

பல்லக்கா வேலை செய்தது பல் செட் செய்கிற லேபில். ஊரில் இருந்த பல் டாக்டர்களில் பாதிப் பேர் நோயாளியின் வாயில் அச்செடுத்து அங்கேதான் அனுப்புவார்கள். அந்த அச்சில் ப்ளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக நட்டு, பிறகு மெழுகை வெந்நீரில் உருக்கிவிட்டு அந்த இடத்தில் அக்ரிலிக்கை அடைத்து வேகவைத்து, ராவி, மெருகேற்றி அனுப்புவது அவள் வேலை. தெருவில் யார் சிரித்தாலும் அவள் கண் முதலில் வாய்க்குத்தான் போகும். "ஆளைப் பார்த்துப் பேசுக்கா, பல்லைப் பார்த்துப் பேசாதே" என்று கூட வேலை செய்கிறவர்கள் வாரிவிடுவார்கள். பெயரும் அங்கே ஒட்டிக்கொண்டதுதான்.

மெருகேற்றும் மோட்டார் நாள் முழுக்கக் காதைக் குடையும். அதிலிருந்து தப்பிக்கத்தான் ஹெட்போன் மாட்ட ஆரம்பித்தாள். முதலில் எது கிடைத்தாலும் கேட்டாள். போகப்போக ருசி பிடித்தது. தனிப்பாட்டெல்லாம் கடலை கொறிக்கிற மாதிரி, ஆல்பம்தான் சாப்பாடு என்று கறாராகிவிட்டாள். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை வரிசை மாறக்கூடாது, நடுவில் தாவக்கூடாது. இந்தப் பைத்தியத்துக்குக் கூட்டாளிகளும் கிடைத்தார்கள். கண்ணாடிக்கடைக்காரர் ஒருவர் போனில் "என்ன ஓடுது?" என்று ஒரு குரூப் வைத்திருந்தார். அந்த வாரம் என்ன ஆல்பம் கேட்கிறோம் என்று ஆளாளுக்கு அட்டைப்படத்தைப் போட்டு நாலு வரி எழுதுவார்கள். அதன் கீழே அடிதடி நடக்கும்.

அங்கே எல்லோரும் காத்திருப்பது ரெண்டாம்பக்கம் என்ற பெயரில் எழுதுகிறவருக்காக. இசைத்தட்டின் முதல் பக்கம் விற்பதற்கு, மனசை ஒளித்துவைப்பது ரெண்டாம் பக்கத்தில் என்பது அவர் கட்சி. ஒரு வயலின் ஆல்பத்தைப் பற்றி, "நாலாவது பாட்டில் அந்தம்மா மூச்சு வாங்குவது கேட்கிறது. அதை அழிக்காமல் விட்டவருக்கு ஒரு கும்பிடு" என்று எழுதினார். பல்லக்கா அந்த மூச்சுக்காகவே அந்த ஆல்பத்தை ஒரு வாரம் ஓடவிட்டாள்.

அது நன்றாக இருந்த காலம். இந்த வருஷத் தொடக்கத்திலிருந்து அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது. ஒரு ஆல்பத்தைப் போடுவாள், ரெண்டாவது பாட்டு பாதி போவதற்குள் விரல் பரபரக்கும். அடுத்தது. அதுவும் பிடிக்காது. அதற்கு அடுத்தது. குறை பாட்டில் இல்லை என்பதும் தெரியும். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. வீட்டுக்காரர் வெளியூரில் கிரேன் ஓட்டுகிறார், மாதம் ஒருமுறை வந்து போவார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அவர் அப்படிப் போய்வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. டாக்டரிடம் போனாள், ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது.

"அம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும், ஒரு பாட்டையாவது முழுசா விடேன். தலை சுத்துது" என்றாள் மகள், பரீட்சைப் புத்தகத்திலிருந்து நிமிராமலே.

"நான் என்னடி செய்யட்டும்? ஓட மாட்டேங்குது."

"பாட்டு ஓடுதும்மா. நீதான் நிக்க மாட்டேங்கிற."

குரூப்பில் மறைக்கவில்லை. "இந்த வாரம் எதையும் முழுசாகக் கேட்கவில்லை, பாட்டை மாற்றிக்கொண்டே இருக்கிறேன்" என்று எழுதினாள். சிரிப்புப் பொம்மைகள் வந்தன. ரெண்டாம்பக்கம் மட்டும், "காதுக்கும் பசி மந்தம் வரும். வற்புறுத்தி ஊட்டாதீர்கள்" என்று எழுதியிருந்தார்.

அப்போதுதான் கண்ணாடிக்கடைக்காரர் ஒரு யோசனை சொன்னார். எழுதியது போதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கடை மாடிக்கு வாருங்கள். ஒரே ஆல்பம், இசைத்தட்டில், முழுசாக. பேச்சும் கிடையாது, போனும் கிடையாது. பல்லக்கா வரவில்லை என்று எழுதத்தான் போனை எடுத்தாள். ஆனால் ரெண்டாம்பக்கம் வருகிறேன் என்று எழுதியதைப் பார்த்ததும் இவளும் எழுதிவிட்டாள்.

கடையின் கீழ்த்தளத்தில் ஆளுயரக் கண்ணாடிகள் சாக்கு விரிப்பின் மேல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. மாடியில் நீளமான அறை, ஆளுக்கொரு மடக்கு நாற்காலி. போனில் வரிந்துகட்டிச் சண்டை போட்டவர்கள் நேரில் கல்யாணத்துக்கு வந்த தூரத்துச் சொந்தம்போல "வாங்க, வாங்க" என்று நெளிந்துகொண்டிருந்தார்கள். ஓரத்து நாற்காலியில் இருந்தவரைக் காட்டி, "இவர்தான் நம்ம ரெண்டாம்பக்கம்" என்றார் கடைக்காரர். ஐம்பது வயது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை. அவர் எழுந்து கும்பிட்டார், வாயைத் திறக்கவில்லை. எழுத்தில் அத்தனை வாயாடி, நேரில் இப்படி ஒரு உம்மணாமூஞ்சியா என்று பல்லக்காவுக்கு ஏமாற்றமாகிவிட்டது. அவர் பக்கத்து நாற்காலிதான் காலியாக இருந்தது.

தட்டு சுழல ஆரம்பித்தது. ஒரு பெண் குரல், ஒரு பியானோ, அவ்வளவுதான். பியானோவின் தாழ்ந்த சுரங்கள் அதிரும்போதெல்லாம் கீழே கண்ணாடிகள் மெல்ல முனகின. முதல் பாட்டு தாண்டியது. ரெண்டாவதில் பல்லக்காவின் கால் தானாக ஆட ஆரம்பித்தது. கையால் முழங்காலை அழுத்திக்கொண்டாள். கழுத்து வியர்த்தது. எழுந்து ஓடிவிடலாமா என்று கதவைப் பார்த்தபோது, பாட்டு ஓய்ந்து மௌனமான ஒரு நொடியில், "டக்" என்று ஒரு சத்தம் கேட்டது.

ரெண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். மறுபடியும் பாட்டு, மறுபடியும் மௌனம், மறுபடியும் "டக்".

மற்றவர்களுக்கு அது நாற்காலிச் சத்தம். பல்லக்காவுக்கு அது லேபில் தினம் கேட்கிற, செட்டோடு செட் இடிக்கிற சத்தம். மேல் செட் அண்ணத்தில் ஒட்டாமல் கழன்று கீழ்ச் செட்டின் மேல் விழுகிறது. எச்சில் விழுங்கும்போது விழும், நாக்கால் தூக்கி வைத்தால் நிற்கும், பிறகு மறுபடி விழும். ஓரக்கண்ணால் பார்த்தாள். ரெண்டாம்பக்கம் கைக்குட்டையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

தட்டைத் திருப்பிப் போடுவதற்கு முன் டீ வந்தது. யாரோ சொன்ன ஜோக்குக்கு அவரால் அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. கை குறுக்கே வருவதற்குள் பல்லக்கா பார்த்துவிட்டாள். முன்பல்லுக்கு அடுத்த சின்னப் பல் ஒரு இழை திரும்பி நின்றது. எல்லாப் பல்லையும் அணிவகுப்பு மாதிரி நிறுத்தினால் பொய்ப்பல் என்று காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், ஒரே ஒரு பல்லை மட்டும் அப்படித் திருப்பி நடுவது அவள் பழக்கம். அந்த லேபில் வேறு யாரும் அதைச் செய்வதில்லை.

டீக் கோப்பையைக் கீழே வைத்தாள். அதற்குள் அவள் போன் அதிர்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனிதர்தான் எழுதியிருந்தார்: "பல்லக்கா, பசி எப்படி? முதல் பக்கம் இறங்கியதா?"

இவளும் தட்டினாள்: "மேல் செட் எப்போது போட்டீர்கள்?"

அவர் முகம் சிவந்துவிட்டது. குனிந்து தட்ட ஆரம்பித்தார். ஈறு நோயில் பல் மொத்தமும் போய், செட் போட்டது இந்த வருஷத் தொடக்கத்தில். அதுவரை பஸ் நிலையத்தில் எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று மைக்கில் சொல்கிற வேலை. செட் போட்ட பிறகு ஊர்ப் பெயரைச் சொன்னால் பாதியில் பல் விழுந்துவிடுகிறது. அவராகவே கேட்டு, பெட்டி சாமான் வைக்கிற அறைக்கு மாறிக்கொண்டாராம். "பழகினால் சரியாகிவிடும் என்றார்கள். எனக்குப் பழகவில்லை."

பல்லக்கா போனை மடியில் கவிழ்த்தாள். வாயாலேயே சொன்னாள். "அது நான் செஞ்சதுங்க."

அவர் புரியாமல் பார்த்தார்.

"உங்க செட். நான்தான் செஞ்சேன். பின்னாடி ஓரத்தை அதிகமா ராவிட்டேன்னு நினைக்கிறேன். அந்த ஓரம்தான் அண்ணத்தைப் பிடிச்சு நிறுத்தும். அது போச்சுன்னா நிக்காது."

அவர் கைக்குட்டைக்குப் பின்னாலிருந்து, முதல்முறையாக வாயைத் திறந்து கேட்டார். "பாட்டை மாத்திக்கிட்டே செஞ்சீங்களா?"

குத்திக்காட்டுகிறாரா கிண்டலடிக்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. "ஆமாங்க" என்றாள்.

"எந்த ஆல்பம்?"

"ஞாபகமில்லை. எதுவுமே நிக்கலை."

"அதான் இதுவும் நிக்கலை" என்றார். சொல்லி முடிப்பதற்குள் செட் விழுந்தது. ரெண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். கடைக்காரர் "உஷ்" என்று அதட்டி ரெண்டாம் பக்கத்தைப் போட்டார். ரெண்டாம்பக்கம் சொல்கிற கட்சிக்கு நியாயம் செய்கிற பக்கம்தான், ஆனால் பல்லக்காவின் காதில் ஒன்றும் ஏறவில்லை. அங்கே உட்கார்ந்தபடியே மனசுக்குள் அந்தச் செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியிலேயே அந்தச் செட்டுக்கு அச்செடுத்த டாக்டரம்மாவைப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னாள். "நான் ஈறு சுருங்கிட்டதோன்னு நினைச்சேன்மா. அவரும் திரும்ப வரவே இல்ல. வரச் சொல்லு, உள்பக்கம் புதுசா அச்செடுத்துத் தர்றேன்" என்றார் டாக்டரம்மா. லேப் முதலாளியிடமும் சொன்னாள். அவர் கொஞ்சம் முறைத்தார், பிறகு "செஞ்சவளே சரிபண்ணு" என்று விட்டுவிட்டார்.

ரெண்டாம்பக்கம் ஒரு நாள் முழுக்கப் பல்லில்லாமல் வீட்டில் இருந்தார். இவள் மேஜையில், புது அச்சுக்கு அக்ரிலிக் அடைத்து வேகவைத்த அவர் செட் இருந்தது. ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். மோட்டார் காதைக் குடைந்தது, குடையட்டும் என்று விட்டாள். பரபரப்பு போய்விடவில்லை. நடுவில் நாலு தடவை எழுந்து ஜன்னல் வரை நடந்துவிட்டு வந்தாள். ஆனால் பின் ஓரத்துக்கு வந்தபோது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ராவுகிற கருவியை வைத்துவிட்டு, கையாலேயே உப்புத்தாள் போட்டாள்.

செட்டை மாட்டியதும் டாக்டரம்மா, "ஏதாவது பேசிப் பாருங்க" என்றாராம். அவருக்கு வந்தது மைக்கில் சொல்கிற வாசகம்தான். பத்துப் பன்னிரண்டு ஊர்ப் பெயர்களை நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போக, வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். எதுவும் விழவில்லை.

மைக் திரும்பக் கிடைக்கவில்லை. அதற்குள் பஸ் நிலையத்தில் பதிவு செய்த பெண் குரல் ஒன்றை வாங்கிப் பொருத்திவிட்டார்கள். அதைக் கேள்விப்பட்டதும் பல்லக்கா பாதிச் சாப்பாட்டில் எழுந்தாள். போன் செய்து, "என்னாலதானே?" என்றாள்.

"அந்தக் குரலை வாங்க அவங்க போன வருஷமே பேசிக்கிட்டிருந்தாங்க. என் பல்லு முந்திக்கிச்சு, அவ்வளவுதான்" என்றார். அது நிஜமா, சமாதானமா என்று அவள் துருவவில்லை. பிறகு அவர் ஒரு மணி நேரம் வேறு விஷயங்கள் பேசினார். மாதக்கணக்கில் சேர்த்துவைத்த பேச்சு.

அடுத்த கூட்டத்தில் அதுதான் தலைவலியாகப் போனது. ரெண்டாம்பக்கம் ஒரு தபலா ஆல்பத்தைக் கொண்டுவந்து, அதைப் போடுவதற்கு முன் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். டீ வந்தது, ஆறியது, கோப்பைகள் போயின. கனமான, வழவழப்பான குரல். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

"அண்ணே, தட்டைப் போடட்டுமா, இல்ல உங்களையே திருப்பிப் போட்டுக் கேக்கணுமா?" என்றார் கடைக்காரர்.

தட்டு ஓட ஆரம்பித்து மூன்றாவது பாட்டு போய்க்கொண்டிருக்கும்போது பல்லக்காவுக்குக் கால் பரபரத்தது. இந்த முறை அழுத்திப் பிடிக்கவில்லை. எழுந்து படியிறங்கினாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கீழே வரிசையாக நின்ற கண்ணாடிகளுக்கு நடுவில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தாள். மேலே தபலா அடிக்க அடிக்க, அவளைச் சுற்றிலும் கண்ணாடிகளில் பத்துப் பல்லக்காக்கள் நடுங்கியபடி நடந்தார்கள். கைப்பையைத் தோளில் மாட்டியிருந்தாள், நேரே வீட்டுக்கும் போயிருக்கலாம். தட்டு நிற்கும் வரை நடந்துவிட்டு மேலே ஏறி வந்தாள்.

"முழுசாக் கேட்டேன். நடந்துக்கிட்டே" என்றாள்.

அதெல்லாம் கணக்கில் சேராது, கேட்பது என்றால் உட்கார்ந்துதான் கேட்க வேண்டும் என்றார் கடைக்காரர். ரெண்டாம்பக்கம் நாற்காலியை அவர் பக்கமாகத் திருப்பிப் போட்டு, பதில் சொல்லத் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.