ஈயத் தட்டின் சத்தம்

பொன்மலையில் பெரியப்பா கறிக்கடை வைத்திருக்கிறார். வெட்டுக்கட்டைக்கு அடியில் ஓர் ஈயத் தட்டு கிடக்கும். அது எங்கள் செவலை நாயின் தட்டு. ஆட்டு ஈரலை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார் பெரியப்பா. வெள்ளையாக ஒரு நீர்க்கட்டி தென்பட்டாலும் முழு ஈரலையும் கீழே போட்டுவிடுவார். தட்டு ணங்கென்று ஒலிக்கும். கறி வாங்க வரும் ரயில்வே ஒர்க்‌ஷாப் ஆட்கள் சைக்கிளில் ஒரு காலை ஊன்றியபடி அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டுவார்கள். "கெட்டதைத் தராசுல ஏத்த மாட்டாருப்பா." மற்ற கடைகளில் கட்டியை மட்டும் சீவி நாய்க்கு எறிந்துவிட்டு மிச்சத்தை எடை போடுவார்கள். பெரியப்பாவின் பெயரைக் காப்பாற்றியது அந்தத் தட்டுதான்.

பெரியம்மா கறியைத் தொடவே மாட்டாள். "என் கடைக்கு யாவாரம் குடுக்காத ஒரே ஆளு இவதான்" என்று பெரியப்பா கேலி செய்வார். சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து செவலையை மடியில் போட்டு உண்ணி பொறுக்குவாள். பொறுக்கிய கையோடு முந்தானையில் முடிந்திருக்கும் வேர்க்கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள். அந்த ஒரு காட்சியை இன்றும் என்னால் நிம்மதியாக நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வலது விலாவில் வலி என்றாள். ஸ்கேனில் ஈரலில் பெரிய நீர்க்கட்டி என்று வந்தது. ஈரலே தின்னாதவளுக்கு ஈரலில் கட்டியா என்று தெருவே அதிசயப்பட்டது. வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். டாக்டர் சொல்வதைப் புரிந்துகொண்டு சொல்ல என்னையும் அழைத்துப் போனார்கள். டாக்டர் முதலில் கேட்டது, வீட்டில் நாய் இருக்கிறதா, அதற்கு என்ன போடுகிறீர்கள் என்பதுதான்.

பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "கெட்ட ஈரலைத்தான் டாக்டர் போடுவேன். மனுசங்களுக்கு வித்ததே இல்ல."

டாக்டர் ஸ்கேன் படத்தை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். ஆட்டின் கட்டியைப் பச்சையாகத் தின்கிற நாயின் குடலில் புழு வளரும். அதன் முட்டை மலத்தோடு வெளியே வந்து, நாயின் முடியிலும் மண்ணிலும் ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்து கைக்கு, கையிலிருந்து வாய்க்கு. உள்ளே போனது வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கட்டியாக வளரும். நான் அதை எங்கள் வீட்டுப் பேச்சில் திருப்பிச் சொன்னேன்.

"அப்ப, நான் அதை வித்துருந்தா இவளுக்கு வந்துருக்காதுல்ல?" என்றார் பெரியப்பா.

"விக்கவும் கூடாது, நாய்க்குப் போடவும் கூடாதுங்க. எரிக்கணும், இல்ல ஆழமாப் புதைக்கணும்" என்றார் டாக்டர். பெரியப்பாவின் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முன்பே கட்டி உள்ளுக்குள் உடைந்து பெரியம்மா போய்விட்டாள்.

நாயை அடித்து விரட்டச் சொன்னார்கள் உறவுக்காரர்கள். "அது என்ன பண்ணுச்சு? நான் போட்டதைத் தின்னுச்சு" என்றார் பெரியப்பா. கால்நடை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்ப் புழு மாத்திரை கொடுத்தார். தவறாமல் இன்றும் கொடுக்கிறார். கெட்ட ஈரலைப் புதைக்கக் கடைக்குப் பின்னால் ஆழமாகக் குழி வெட்டி, தெருநாய்கள் கிளறாதபடி மேலே கல்பலகை போட்டிருக்கிறார்.

நான் இப்போது ஸ்ரீரங்கத்தில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பொன்மலைக்கு வந்து, கட்டியை நாய்க்குப் போடாதீர்கள் என்று கறிக்கடை கறிக்கடையாகச் சொல்லிப் பார்க்கிறேன். கார்ப்பரேஷன் ஆளா என்று கேட்கிறார்கள். இல்லை என்றதும், "சரிங்க தம்பி" என்று சிரிக்கிறார்கள்.

போன வாரம் பெரியப்பா கட்டியிருந்த ஓர் ஈரலை எடுத்துக்கொண்டு பின்பக்கக் குழிக்குப் போனார். வரிசையில் நின்ற ஒருவர் பக்கத்து ஆளிடம் முணுமுணுத்தார்: "முன்னெல்லாம் நம்ம கண்ணு முன்னாடியே போடுவாரு. இப்ப எங்க கொண்டுபோறாரு? ஓட்டலுக்கா?" நான் எடுத்துச் சொல்வதற்குள் இருவரும் எதிர்க்கடைக்கு நகர்ந்துவிட்டார்கள். அங்கே நாய்க்கு வைத்த ஏதோ தகரத்தில் ஈரல் விழுந்து ணங்கென்றது.

பெரியப்பா கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து, தூக்குவாளியிலிருந்த தயிர்சோற்றைச் செவலைக்கு வைத்தார். சோறு விழும்போது அந்தத் தட்டு ஒலிப்பதே இல்லை.