கம்பி குத்தாத குவியல்

ஒத்தக்கடை தாண்டி இருக்கிறது எங்கள் உரக்கிடங்கு. நான் குப்பை வண்டி ஓட்டுகிறேன். விருமாண்டி அண்ணன் குவியல் கட்டுகிறார். கல்யாண மண்டபத்து எச்சில் இலை, ஓட்டல் சோறு, அழுகின தக்காளி, எதைக் கொட்டினாலும் முகம் சுளிக்க மாட்டார். சருகு ஒரு அடுக்கு, குப்பை ஒரு அடுக்கு, மேலே சாணிக் கரைசல். சில நாளில் உள்ளே கொதிக்க ஆரம்பிக்கும். இரும்புக் கம்பியை நடுவயிற்றில் சொருகி, உருவிப் பிடித்துப் பார்ப்பார். கை பொறுக்காத சூடு இருந்தால்தான் நோய்க்கிருமியும் களைவிதையும் சாகும். சூடு தணிந்தால் உள்ளே இறங்கி மிதித்துப் புரட்டுவார், மறுபடி சூடேறும். புரட்டியும் சூடேறாமல் மண்வாசம் வந்தால்தான் சல்லடைக்குப் போகும். அவசரப்பட்டு மூட்டை கேட்டு வந்த ஒருவரிடம், "அரைவேக்காட்டுச் சோத்த ஓம் பிள்ளைக்குப் போடுவியாய்யா?" என்று விரட்டினார்.

அப்பேர்ப்பட்ட மனுசன்தான் சறுக்கினார்.

அந்த வருசம் ஆடித் திருவிழா முடிந்து, அழகர்கோவிலிலிருந்து மாலையும் துளசியுமாக ஒரு லோடு கொண்டு வந்தேன். எச்சில் இலையோடு கொட்டப் போன என்னைத் தடுத்துவிட்டார். "சாமி கழுத்துல கெடந்த பூ மாப்ள. எச்சிலோட சேக்காத."

தனித் தொட்டி ஒதுக்கினார். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மாலைகளை அடுக்கினார். சாணி கரைத்து ஊற்றி, சுத்தத்துக்கு மஞ்சள் தண்ணீரும் தெளித்தார். மஞ்சள் மக்கவைக்கிற கிருமியையும் முடக்கிவிடும் என்று மேற்பார்வை பார்க்கும் முத்துமீனா சொல்லிப் பார்த்தாள். காதில் ஏறவில்லை. அந்தக் குவியலை மட்டும் அவர் புரட்டவில்லை, கம்பியும் குத்தவில்லை. சாமி பூவைக் காலால் மிதிப்பதா, கம்பியால் குத்துவதா? எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மேலே கறுத்துப் பொடியானதும் சலிக்காமலே மூட்டை கட்டினார். வெளி ஆளுக்கு அல்ல, தங்கை ஒச்சாயிக்கு. கொட்டாம்பட்டிப் பக்கம் அவளுக்கு ஒரு மல்லிகைத் தோட்டம். புருசன் போனபிறகு அதுதான் கஞ்சி ஊற்றியது. சாமி உரம் என்றதும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒரு பிடி மிச்சம் வைக்காமல் செடிக்குச் செடி தூரில் அணைத்துவிட்டாள்.

மழை பெய்தது. வேகாத பூவெல்லாம் வேரடியில் வேக ஆரம்பித்தது. இலை மஞ்சளாகி, செடிகள் வரிசையாகக் காய்ந்தன. விருமாண்டி போய்த் தூரைத் தோண்டி முகர்ந்தார். புளிச்ச நாற்றம். மாலை நார்கூட மக்கவில்லை.

"சாமி குத்தமில்ல ஒச்சாயி. உரம் வேகல. நாந்தான் வேகவிடல" என்றார்.

அவள் கேட்கவில்லை. "சாமி பூ செடியக் கொல்லுமாண்ணே? வீட்டுக்குத் தூரமா இருக்கையில தீட்டோட தோட்டத்துக்குள்ள போயிட்டேன். என் தப்புதான்."

எம்புட்டோ எடுத்துச் சொன்னார். தன்னைத் தேற்றத்தான் அண்ணன் பழியை ஏற்கிறார் என்று நினைத்துவிட்டாள். காய்ந்த தூர்களைப் பிடுங்கிப் போட்டாள். அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குப் பூ எடுத்தாள். வெள்ளிக்கு வெள்ளி பட்டினி விரதம். ஆள் பாதியாகிவிட்டாள்.

இப்போது கிடங்கில் சாமி மாலை, எச்சில் இலை எல்லாம் ஒரே குவியல்தான். மாலை மேல்தான் முதலில் கம்பியை இறக்குகிறார்.

போன ஐப்பசியில் ஒச்சாயி மறுபடி கன்று நட்டாள். அழகருக்கு வேண்டியிருக்கிறேன், அதே சாமி உரம்தான் வேணும் என்று சொல்லி அனுப்பினாள். நன்றாக வெந்து ஆறின கலப்பு உரத்தைச் சலித்து என் வண்டியில் ஏற்றினார். மூட்டையை இறக்கியதும் அவள் கேட்டாள்.

"சாமி பூ மட்டுந்தானண்ணே?"

"ஆமா."

கன்றுகள் தளிர்த்துவிட்டன. அடுத்தமுறை போனபோது முதல் மொக்கைக் கிள்ளி அவர் கையில் வைத்தாள். "அழகர் என்னய மன்னிச்சுட்டாருண்ணே."

செய்யாத தப்புக்கு மன்னிப்பு. அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வண்டியில் ஏறினார். மொக்கை என் ஸ்டியரிங்குக்கு முன்னால் வைத்தார். மேலூர் வருவதற்குள் அது விரிந்துவிட்டது. அந்தக் குப்பை வண்டி முழுக்க மல்லிகை மணம். விருமாண்டி தன் பக்கத்துக் கண்ணாடியை முழுசாக இறக்கிவிட்டு, முகத்தை வெளியே திருப்பிக்கொண்டார்.