அழிக்க ஒன்றுமில்லாத பிரவுசர்

நவராத்திரி முடிந்து கொலுப் படிகளைப் பரணில் ஏற்றிய மறுநாள், குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. அழுத்தினால் வலிக்கவில்லை. வலித்திருந்தால் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும். சித்தி இதில்தான் போனாள். கடைசிவரை அவளுக்குக் கஞ்சி ஊட்டியவள் அம்மா. என்ன கட்டி என்று டாக்டர் சொல்லும்வரை அம்மாவுக்குத் தெரியவே கூடாது என்று முடிவு செய்தேன்.

வலியசாலை அக்ரஹாரத்தில் எங்கள் வீட்டில் ஒன்றை மறைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. முட்டி வலியால் அம்மாவால் கோயிலுக்கு நடக்க முடியாது. நான் ஆபீஸிலிருந்து வந்ததும் என் ஃபோனை வாங்கி, தீபாராதனையை நேரலையில் பார்ப்பாள். அவளிடமும் ஃபோன் இருக்கிறது. என்னுடையதில் சுவாமி பெரிதாகத் தெரிகிறாராம்.

அதனால் கழக்கூட்டத்தில் இருக்கும் ஆபீஸிலிருந்து வரும் பஸ்ஸிலேயே பிரவுசரில் தேடியதையெல்லாம் அழித்துவிடுவேன். அன்று, அம்மா தீபாராதனை பார்க்கும் அதே செயலியில், ஒரு டாக்டரின் வீடியோவுக்குக் கீழிருந்த இணைப்பைத் தொட்டேன். பக்கம் பிரவுசரில் திறக்காமல் அந்தச் செயலிக்குள்ளேயே திறந்தது. நான் கவனிக்கவில்லை. வயது, எந்தப் பக்கம், குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டதற்கெல்லாம் பதில் அடித்தேன். பிறகு பிரவுசரைப் பார்த்தால் அழிக்க ஒன்றுமே இல்லை. அப்பாடா என்று இருந்தது. இத்தனைக்கும் சாஃப்ட்வேர் சோதிப்பதுதான் என் வேலை. அப்படித் திறக்கும் பக்கத்தில் நாம் தொடுவதையும் அடிப்பதையும் செயலியால் பார்க்க முடியும் என்று ஆபீஸில் வகுப்பெடுத்த மகராசி நான்.

மறுநாள் பஸ்ஸில் செயலியைத் திறந்ததும் மார்பக ஸ்கேன் விளம்பரம் வந்தது. தள்ளினால் இன்னொரு ஆஸ்பத்திரி. அதையும் தள்ளினால் முடி கொட்டியவர்களுக்கான விக். பஸ் முழுக்க என் ரவிக்கையையே பார்ப்பதுபோல் கூசியது. வேண்டாம், வேண்டாம் என்று அழுத்திப் பார்த்தேன், நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஃபோனில் சார்ஜ் இல்லை என்று பொய் சொன்னேன். அம்மா சார்ஜரோடு வந்து நின்றாள்.

தீபாராதனை முடிந்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, திரையை விரலால் தள்ளினாள். அதே ஸ்கேன். ஃபோனைப் பிடுங்கக் கை நீட்டினேன். அவளோ திடுக்கிடவே இல்லை.

"நோக்கும் இதான் வரதாடீ? என் ஃபோனைத் தொறந்தாலும் இதேதான், கேட்டியோ."

என்னிடமிருந்துதான் அவளுக்கும் ஒட்டியிருக்கும், வீட்டில் ஒரே வைஃபைதானே என்று நினைத்தேன். அப்படியே இருக்கட்டும் பகவானே என்று வேண்டிக்கொண்டேன்.

"எப்போலேர்ந்தும்மா வரது?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. புடவைத் தலைப்பை இழுத்து மார்பை மூடிக்கொண்டாள்.

"கொலு வெக்கறதுக்கு முன்னாடியேர்ந்தே" என்றாள்.