அர்த்தநாரி வளர்ந்த ஒன்பது நாட்கள்

அர்த்தநாரி அண்ணனுக்கும் போலீஸ் வேலைக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர்தான் இருந்தது. சேலத்தில் ஆள் எடுத்தபோது இரண்டு தடவை போனார். இரண்டு தடவையும் உயரம் அளக்கும் இடத்திலேயே திருப்பிவிட்டார்கள், ஓடிக்காட்டக்கூட விடவில்லை. நாமக்கல் பக்கம் எங்கள் ஊரில் ஓட்டத்தில் அவரை ஜெயிக்க முயல்தான் வர வேண்டும். எண்பத்து மூன்று தை மாதம் மூன்றாவது தடவை கூப்பிட்டிருந்தார்கள். அதை விட்டால் வயது தாண்டிவிடும். பிறகு தாய்மாமன் மருதாசலத்தின் லாரியில் கிளீனர் வேலைதான்.

அந்தச் சமயத்தில்தான் ரஷ்யாக்காரர்கள் இரண்டு பேர் ஏழு மாதம் ஆகாயத்தில் இருந்துவிட்டு இறங்கியிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரனான நான் பேப்பரை எடுத்துப்போய்ப் படித்துக் காட்டினேன். அங்கே உடம்புக்குக் கனம் கிடையாது, முதுகெலும்பு தளர்ந்து ஆள் ஒன்றிரண்டு அங்குலம் நீண்டுவிடுவான் என்று போட்டிருந்தது.

“எத்தனை? இன்னொருக்கா படி.”

“ஒண்ணு ரெண்டு அங்குலமுங்கண்ணா.”

“எனக்கு அரை அங்குலமே சாஸ்திடா தம்பி. கனத்த எறக்கிட்டாப் போதும். படுத்துட்டா முதுகு மேல என்ன கனம் இருக்குது?”

அதற்குக் கீழேயும் செய்தி இருந்தது. முகம் வீங்கும், கால் சூம்பும், எலும்பு கரையும். அதனால் தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உடம்பில் வாரைப் பூட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். அப்படியும் இறங்கியதும் நடக்கச் சிரமப்பட்டார்கள். அதையும் படித்தேன். என் குரல் சின்னது, எடுபடவில்லை.

“அதெல்லாம் அவங்களுக்கு. காட்டுல மம்முட்டி புடிச்சு நின்ன காலுக்கு அது எதுக்கு?” என்று கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தார். ஒன்பது நாள் எழவில்லை. எழ வேண்டிய காரியங்களுக்கு மட்டும் நாலு காலில் போய்வந்தார். நிமிர்ந்தால் சேர்ந்தது இறங்கிவிடுமாம்.

தண்ணீரைப் பப்பாளித் தண்டு வைத்து உறிஞ்சினார். களி மட்டும் படுத்த வாக்கில் இறங்க மறுத்தது. அவருடைய அம்மா ஆத்தாயி உருட்டி உருட்டி வாயில் போட்டாள்.

“ஏஞ்சாமி, மூணு வயசுல விட்ட வேலைய மறுக்கா எனக்குக் குடுத்துட்டியே” என்றாள். “மேல போனவன் காசு வாங்கிட்டுப் போனான். நீ எந்தக் கவருமெண்டுக்குப் படுத்துக் கெடக்கற?”

“வேலை கெடச்சதும் சேத்து வாங்கிக்கலாமுங்கம்மா.”

ஐந்தாம் நாள் கட்டிலோடு ஒட்டி வைத்து நூல் பிடித்து அளந்தேன். முக்கால் சென்டிமீட்டர் ஏறியிருந்தது. கன்னமும் கொஞ்சம் உப்பியிருந்தது. கெண்டைக்காலைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தேர்வு நாள் விடியலில், தீவனம் ஏற்றச் சேலம் போகும் மாமாவின் காலி லாரியில் கட்டிலோடு தூக்கி வைத்தோம். குலுங்கி உருளாமல் இருக்க வேட்டியால் கட்டினோம். ராசிபுரத்துக்கு முன்னால் டீக்கடையில் லாரி நின்றது. கடைக்கார அம்மாள் எட்டிப் பார்த்து, “அடப் பாவமே, சின்ன வயசாட்ட இருக்குதே! எந்த ஊருச் சாமி?” என்று முந்தானையை வாயில் வைத்தாள்.

“எனக்குச் சக்கரை கம்மியா ஒரு டீ போடுங்க” என்றது கட்டில்.

மைதானத்து வாசலிலிருந்து மாமா அவரை முதுகில் மூட்டையைப் போல் சுமந்துபோனார். முறை வந்தபோதுதான் அண்ணன் தரையில் நின்றார். அளவுகோலின் பலகை தலையில் இறங்கியது. அளந்தவர் குனிந்து பார்த்தார், இன்னொரு தடவை பார்த்தார். “சரியா இருக்கு. போ” என்று எழுதிக்கொண்டார். வேலிக்கு வெளியே நின்ற என்னைப் பார்த்து அண்ணன் சிரித்த சிரிப்பில் ஒரு போலீஸ் தொப்பி இருந்தது.

“அடுத்தது ஓட்டம். ஓடுங்க எல்லாரும்!”

முதல் இருபது அடி அவர் பழைய அர்த்தநாரிதான். அதற்குப் பிறகு கால்கள் வேறு யாருடையவோ ஆகிவிட்டன. முழங்கால் மடங்கியது. தலை சுற்றியது. பின்னால் வந்த கூட்டம் அவரைச் சுற்றி ஓடிப் போனது. அரைச் சுற்றில் மெதுவாக உட்கார்ந்தார். விசில் ஊதினவர் வந்து, “ஒடம்பு சரியில்லையாப்பா?” என்றார்.

“இப்பத்தானுங்க எறங்கினேன்” என்றார் அண்ணன். விசில்காரருக்குப் புரியவில்லை. பெயரை அடித்துவிட்டார்.

வீட்டில் ஆத்தாயி வாசலிலேயே நின்றாள். “கெடச்சுதா?”

“ஒசரம் கெடச்சுதுங்கம்மா.”

அவள் உள்ளே போனாள். சுடுதண்ணீரும் விளக்கெண்ணெயும் கொண்டுவந்து காலைத் தேய்த்துவிட்டாள். மறுநாள் நூல் பிடித்தபோது அந்தச் சென்டிமீட்டரும் இல்லை.

அடுத்த மாதம் மாமாவின் லாரியில் ஏறினார். அங்கே உயரம் கேட்பாரில்லை. தார்ப்பாய்க் கயிற்றை எட்டிப் பிடிக்கும்போது மட்டும், “எட்டலீன்னாச் சொல்லு மாப்ள, ஒம்போது நாள் கழிச்சே லோடு எடுப்போம்” என்பார் மாமா. அண்ணன் சக்கரத்தில் ஒரு கால் வைத்து ஏறிக் கட்டிவிடுவார்.