முன்னால் ஆளில்லாத டோலி

மூவாரில் என் வீட்டு அலமாரியில் இரண்டு சுட்டமண் கைகள் இருக்கின்றன. மணிக்கட்டோடு உடைந்தவை. இறுக மூடிய விரல்களுக்கு நடுவே மூங்கில் நுழைந்த ஓட்டை. செய்தவர் என் சின்னம்மா. பாலோ பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர், குயவர் வீட்டுப் பெண்.

முதல் உலகச் சண்டைக்கு எங்கள் தோட்டத்திலிருந்து இரண்டு வெள்ளைக்காரத் துரைகள் போனார்கள். அடிபட்டவர்களைச் சுமக்கும் டோலியைத் தூக்கச் சித்தப்பாவும் அவர் கூட்டாளியும் போனார்கள். திரும்பி வந்தவர் கூட்டாளி மட்டும்தான். "நான் பின்னால புடிச்சிருந்தேன் தங்கச்சி. குண்டு விழுந்துச்சு. பாத்தா, முன்னால மச்சான் இல்ல. நான் மட்டும் டோலியப் புடிச்சிக்கிட்டு நிக்கிறேன்" என்று சின்னம்மாவிடம் சொல்லிவிட்டு, அவர் காஹாங் தோட்டத்துக்கு மாறிப் போய்விட்டார்.

செத்த துரைகளுக்கு ஆபீஸ் முன்னால் கல் நட்டுப் பெயர் வெட்டினார்கள். சித்தப்பாவின் பெயரையும் சேர்க்கச் சொல்லிச் சின்னம்மா கேட்டபோது, கூலிக்காரன் பெயரையெல்லாம் வெட்டினால் கல் போதாது என்றார் ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி. சின்னம்மா ஆற்றங்கரை மண்ணை மிதித்து, துண்டு துண்டாகச் சுட்டு, ஒட்டி, அந்தக் கல்லுக்கு நேர் எதிரே ஓர் ஆளை நிறுத்தினார். அவன் கைகளில் டோலியின் பின்பக்கம். மூங்கில்களின் முன்முனை தரையில் கிடந்தது. அங்கே யாருமில்லை.

கூலிக்காரர் குடியிருந்த லயத்துச் சனங்களுக்குக் கேட்கவா வேண்டும்? செத்தவர் சிலை என்று மாலை போட்டு ஊதுபத்தியும் கொளுத்திவிட்டார்கள். தகவல் கேட்டுப் பார்க்க வந்த கூட்டாளி, மாலைக்குள் தன் மூஞ்சியைக் கண்டு இரண்டடி பின்னால் போனார். சின்னம்மா மாலையைப் பிடுங்கி எறிந்தார். "இவரு உசுரோட வந்தவரு. எம் புருசன் அந்தா, ஆளில்லாத எடத்துல இருக்காரு" என்றார். எத்தனையோ ஒப்பாரி கேட்டிருக்கிறேன். அந்தக் காலி இடம் அறுத்ததுபோல் எதுவும் என்னை அறுக்கவில்லை.

பெரிய துரை வரப்போகும் செய்தி வந்ததும் கிராணிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "முன்னாலயும் ஒரு ஆளச் செஞ்சு துப்பாக்கியக் குடு. பாக்க லட்சணமா இருக்கும். இல்லாட்டி ஒடச்சிருவேன்."

"அவரு யாரையும் சுடல. முன்னால ஆளு வச்சா அவரு செத்ததே பொய்யாயிரும். முடியாதுங்க."

பெண்கள் பால் வெட்டக் காட்டுக்குள் போன நேரம் பார்த்துச் சிலையை உடைத்தார்கள். பெரிய வீரம்தான்! மறுநாள் காலைப் பெரட்டில் கிராணி பெயர் கூப்பிட்டபோது சின்னம்மா வரிசையில் இல்லை. சிலை நின்ற இடத்தில் மூங்கில்களின் பின்முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கிராணி கத்தினார். சின்னம்மா அசையவில்லை. அப்போது என் அம்மா வரிசையை விட்டு நடந்து போய், "நீ போயி பாலு வெட்டு, நான் புடிக்கிறேன்" என்று மூங்கிலை வாங்கிக்கொண்டார். அடுத்த நாள் வேறொருத்தி. மாற்றுச் சிலையைச் சின்னம்மா சுட்டு முடிக்கும்வரை தினம் ஒருத்தி பிடித்தாள். ஒருத்திகூட முன்னால் போய் நிற்கவில்லை. பெரிய துரை வந்த அன்றும் அப்படித்தான். மண்ணை உடைத்த கிராணிக்கு மனுசியை உடைக்கத் தைரியம் வரவில்லை. புதுச் சிலை, நாங்கள் தோட்டத்தை விட்டு வரும்வரை அங்கேயே நின்றது.

முதல் சிலையில் மிஞ்சியவைதான் இந்தக் கைகள். வீட்டுக்கு வருகிறவர்கள் எடுத்துப் பார்த்து, உடம்பு எங்கே என்று கேட்கிறார்கள். உடைத்துவிட்டார்கள் என்பேன். கை மட்டும் எப்படித் தப்பியது என்பார்கள்.

அது பிடியை விடவில்லை என்பேன்.