பூநாரைக்காகப் பிடித்த அடம்

நான் பிடித்த அடங்களிலேயே உசத்தியானது, பூநாரைக்காகப் பிடித்த அடம்தான். இன்றுவரை அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை. இனியும் படப்போவதில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பாவின் தங்கையான அத்தை, அம்பத்தூரில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஞாயிறானால் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு செம்பரம்பாக்கம் ஏரிக்குப் பறவை பார்க்கப் போய்விடுவாள். "பொண்ணா லட்சணமா ஊட்ல கீறாளா பாரு" என்று எங்கள் கரையான்சாவடியே பேசும். பேசட்டுமே!

அந்த மாசி ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆவடியிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்கும் போகக்கூடாது, வெளியிலும் சுற்றக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லியனுப்பிவிட்டார்கள். அப்பாவும் சரியென்று தலையாட்டிவிட்டார். முந்தின நாள் அத்தை என்னிடம், ஏரிக்கு நீளக்காலும் இளஞ்சிவப்புச் சிறகுமாகப் பூநாரை வந்திருப்பதாகச் சொன்னாள். போதாதா எனக்கு? விடிந்ததும் வாசலில் செருப்போடு நின்றேன். பருவம் தப்பிய மழை வேறு.

"இன்னாடி அடம் இது? மழை ஊத்திகினு கீது!" என்று அப்பா கத்தினார். நான் தரையில் விழுந்து புரண்டேன்.

"அரை மணி நேரம்ணா. காட்டிட்டு இட்டாந்துடறேன்" என்று அத்தை ஸ்கூட்டியை எடுத்தாள்.

மதகுக்குப் பக்கத்தில், அத்தை காட்டிய இடத்தில் கரைமேல் உட்கார்ந்தோம். எங்கும் மூட்டம். கீழே ஆழத் தண்ணீரில் பை அலகுக் கூழைக்கடாக்கள் மட்டும் நனைந்தபடி மிதந்தன. காற்று குடையைத் திருப்பிப் போட்டது. எனக்குப் பல் தந்தியடித்தது. அத்தை "போலாமா?" என்று கேட்கும்போதெல்லாம், "பாக்காம வரமாட்டேன்!" என்றேன். அவள் போனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

மதியம்வரை பூநாரை கண்ணில் படவேயில்லை. வீடு திரும்பியபோது, வந்தவர்கள் பஜ்ஜியைத் தின்றுவிட்டுக் கோபித்துக்கொண்டு போயிருந்தார்கள்.

"நான் இன்னா பண்றது? இவ எழுந்தே வரல" என்று அத்தை என்னைக் கைகாட்டினாள்.

அப்பா கையை ஓங்கினார். நான் நகரவில்லை. "ஆமா, நான்தான் வரல! அடுத்த வாரமும் போவேன்!"

ஓங்கிய கையை அத்தை எட்டிப் பிடித்தாள். "கொயந்த மேல கை வெக்காதணா" என்றாள். அவள் குரல் நடுங்கியது. குளிர் என்று நினைத்தேன். அந்தச் சம்பந்தம் அதோடு முறிந்தது. என் பிடிவாதம் ஒரு கல்யாணத்தையே நிறுத்திவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை.

வளர்ந்த பிறகு, நானே ஒரு பைனாகுலர் வாங்கி, பூநாரைகளைத் தேடிக் கண்டுபிடித்தேன். ஏரியின் மறுகோடியில், முழங்கால்கூட நனையாத தண்ணீரில் நின்று மேய்ந்துகொண்டிருந்தன. மதகடி ஆழத்தில் பூநாரைக்கு வேலையே இல்லை.

அன்று எனக்கு அது தெரியாது. அத்தைக்குத் தெரியும்.